பவுண்டரிக் கழிவு: எந்த மணல் என்று முதலில் கேட்போம்

கோயம்புத்தூரைப் பம்புகளின் ஊர் என்றும் வெட் கிரைண்டர்களின் ஊர் என்றும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்தப் பம்பின் உடலும் மோட்டாரின் கூடும் ஏதோ ஒரு பவுண்டரியில் மணல் அச்சுக்குள் உருகிய இரும்பாக ஊற்றப்பட்டவை என்பதையோ, ஊற்றி முடித்த பிறகு அந்த மணல் எங்கே போகிறது என்பதையோ அவ்வளவாகப் பேசுவதில்லை. கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர், குறிச்சி, அரசூர் என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய பவுண்டரிகளின் பின்சுவரை ஒட்டி ஒரு கரிய மேட்டைப் பார்க்கலாம். இந்தியா ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கும் அதிகமாக வார்ப்படங்களைச் செய்து, சீனாவுக்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கின் மறுபக்கம்தான் இந்த மேடு.

வார்ப்பு மணலைச் சோதிப்பது என் தொழில். சோதனைக்கூடத்துக்குத் தொலைபேசியில் வருகிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “இந்த மண்ண என்னங்க பண்றது?” செங்கல்லுக்குப் போடலாமா, கான்கிரீட்டில் கலக்கலாமா, சிமெண்ட் ஆலைக்காரர்கள் எடுத்துக்கொள்வார்களா என்று அடுத்தடுத்துத் தொடரும். நான் பதிலுக்குக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: “எந்த மண்ணுங்க?” பெரும்பாலும் மறுமுனையில் சற்று மௌனம், பிறகு “எல்லாம் ஒண்ணாத்தானுங்க கிடக்குது” என்ற விடை வரும். பவுண்டரிக் கழிவின் மறுசுழற்சி பற்றி நான் சொல்ல நினைப்பது எல்லாம் இந்த விடையைச் சுற்றியதுதான். மணல் உலையிலோ அச்சிலோ கழிவாவதைவிட, கொட்டும் இடத்தில்தான் பெரும்பாலும் கழிவாகிறது.

அந்த மேட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்ப்போம். பெரும்பகுதி பச்சை மணல், அதாவது கிரீன் சாண்ட்: சிலிக்கா மணலோடு 6 முதல் 10 சதவீதம் பென்டோனைட் களிமண்ணும், சிறிதளவு நிலக்கரித் தூளும், 3 அல்லது 4 சதவீதம் தண்ணீரும் சேர்த்து மில்லர் என்ற கலவை இயந்திரத்தில் அரைத்த கலவை. அதோடு கோர் மணல் இருக்கும். வார்ப்படத்தின் உள்வெற்றிடத்தை உருவாக்குவதற்காக ரெசின் போன்ற ஒட்டுப் பிசின் சேர்த்து இறுக வைத்த மணல் அது. செய்முறைக்கு ஏற்ப இறுக்கும் பொருள் மாறும். ஷெல் கோரானால் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு ரெசின், கோல்டு பாக்ஸானால் ஃபீனாலிக் யூரித்தேன், பெரிய அச்சுகளுக்கு ஃபியூரான், சில பவுண்டரிகளில் இன்னமும் கார்பன் டை ஆக்சைடு ஊதி இறுக்கும் சோடியம் சிலிகேட். இவற்றுக்கு மேல் உலையிலிருந்து வழித்தெடுத்த ஸ்லாக் என்ற கசடு, உலைச் சுவரிலிருந்து பெயர்த்த ராம்மிங் மாஸ் என்ற உட்பூச்சு, இரும்புக் குண்டுகளை வீசி வார்ப்படத்தைச் சுத்தம் செய்யும் ஷாட் பிளாஸ்டிங்கின் தூசி, தூசி சேகரிப்பானின் பையிலிருந்து தட்டிய நுண்தூள், அச்சில் உலோகத்தைச் சூடாக வைத்திருக்கும் ஸ்லீவ் என்ற உறையின் உடைசல், சில நேரங்களில் டீக்கடைக் கோப்பையும் பான்பராக் உறையும். தனித்தனியாக எடுத்தால் இவற்றில் பலவற்றுக்கு ஒரு வழி உண்டு. ஒன்றாகக் கொட்டிய பிறகு, எல்லாவற்றிலும் மோசமானது எதுவோ அதன் தகுதிதான் மொத்த மேட்டுக்கும் கிடைக்கிறது.

எவ்வளவு மணல் வெளியே போகிறது என்று கேட்டால் பெரும்பாலோர் லாரி எண்ணிக்கையைச் சொல்வார்கள். அதைவிட நம்பகமானது கொள்முதல் பதிவேடு. பச்சை மணல் ஒரு சுழற்சி; அதற்குள் நுழைவது எதுவோ அது ஏதோ ஒரு வழியில் வெளியேறியே ஆக வேண்டும். நாளொன்றுக்கு 10 டன் வார்ப்படம் ஊற்றும் பவுண்டரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலோகத்துக்கு ஐந்து மடங்கு மணல் என்று வைத்தால் 50 டன் மணல் தினமும் சுற்றுகிறது. அதில் 5 சதவீதம் புதுமணல் சேர்த்தால் இரண்டரை டன். வார்ப்படத்தைத் தட்டி எடுக்கும்போது உடைந்து பச்சை மணலோடு கலக்கும் கோர் மணல் இன்னும் ஒரு டன் என்று வையுங்கள். பென்டோனைட்டிலும் நிலக்கரித் தூளிலும் எரிந்துபோகாத மிச்சம் இதற்கு மேல். தூசியாகப் பறப்பதையும் வார்ப்படத்தில் ஒட்டிக்கொண்டு போவதையும் கழித்துவிட்டால், மீதி அத்தனையும் பின்சுவருக்குத்தான் போகிறது. கோர் மணல் ஏராளமாக உள்ளே வருகிற பவுண்டரியில் புதுமணல் தனியாகச் சேர்க்கவே தேவையில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே பலருக்குப் புலப்படுகிறது. பழக்கத்தின் காரணமாக இரண்டையும் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பக்கம் புதுமணலுக்குப் பணம், மறுபக்கம் அதே அளவு மணலை அப்புறப்படுத்தப் பணம். கழிவைக் குறைப்பதில் மிக மலிவான வேலை இந்தக் கூட்டல் கழித்தல்தான், இதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம்.

அடுத்தது மாதிரி எடுப்பது. மேட்டின் ஓரத்தில் கைக்கு எட்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிக்கொண்டு வந்து, “டெஸ்ட் பண்ணிக் குடுங்க” என்று மேசையில் வைக்கிறார்கள். குவியலாகக் கொட்டிய மணலில் பருமனான துகள்கள் அடிவாரத்துக்கு உருண்டு வந்துவிடும், நுண்தூள் நடுவிலேயே தங்கும். மழை பெய்தால் களிமண் கீழே இறங்கும். ஓரத்தில் அள்ளிய மாதிரி அந்த ஓரத்தைப் பற்றி மட்டுமே பேசும். மணல் சுழற்சியிலிருந்து வெளியேறும் கன்வேயர் முனையில், ஒரு ஷிஃப்டு முழுதும் இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக எடுத்து, ஒன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் குவித்துப் பிரித்து வந்தால், கடைசியில் கிடைக்கும் ஒரு கிலோ அந்த நாளின் மணலைப் பற்றி ஓரளவு உண்மை சொல்லும். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பிறகு எவ்வளவு விலையுயர்ந்த கருவியில் வைத்துப் பார்த்தாலும் பயனில்லை.

களிமண்ணைக் கண்டறியும் சோதனையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மறுசுழற்சியின் பாதி ரகசியம் அதில் இருக்கிறது. முதலில் மொத்தக் களிமண். 50 கிராம் உலர்ந்த மணலைக் காரக் கரைசலில் கலக்கி, கனமான துகள்கள் அடியில் படிய விட்டு, மேலே மிதக்கும் கலங்கல் நீரை உறிஞ்சி வெளியேற்றி, நீர் தெளியும் வரை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறோம். 20 மைக்ரானுக்குக் குறைந்த எல்லாமே போய்விடும். குறைந்த எடைதான் மொத்தக் களிமண். ஆனால் இது பென்டோனைட்டை மட்டும் காட்டுவதில்லை, வெந்து செத்த களிமண், நிலக்கரித் துகள், நொறுங்கிய சிலிக்கா எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். உயிரோடு இருக்கும் பென்டோனைட் எவ்வளவு என்று தெரிய மெத்திலீன் புளூ சோதனை வேண்டும். 5 கிராம் மணலை 50 மில்லி டெட்ரா சோடியம் பைரோபாஸ்பேட் கரைசலில் போட்டு, அல்ட்ராசானிக் அதிர்வில் களிமண்ணைப் பிரித்துவிட்டு, பியூரெட்டிலிருந்து நீலச் சாயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குகிறோம். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் கோலால் ஒரு துளியை வடிதாளில் வைத்துப் பார்க்க வேண்டும். களிமண்ணுக்குச் சாயத்தைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும் வரை தாளில் கருநீலப் பொட்டும் அதைச் சுற்றித் தெளிந்த நீரின் ஈரமும் மட்டும் தெரியும். இடம் நிரம்பியதும் பொட்டைச் சுற்றி வெளிர்நீலத்தில் மெல்லிய வளையம் ஒன்று கிளம்பும். இரண்டு நிமிடம் கலக்கி மறுபடி துளி வைத்தாலும் அந்த வளையம் நின்றால் அதுதான் முடிவு. பழகிய கண்ணுக்கு அந்த வளையத்தின் முதல் சாயல் போதும். புதிதாக வருகிறவர்கள் எப்போதும் அரை மில்லி தாண்டித்தான் நிறுத்துவார்கள்.

மொத்தக் களிமண்ணிலிருந்து இந்த உயிர்க் களிமண்ணைக் கழித்தால் கிடைப்பதில் பெரும்பங்கு செத்த களிமண். அச்சின் முகத்தில் உருகிய இரும்பு பட்ட இடத்தில் பென்டோனைட் தன் கட்டமைப்பு நீரை இழந்துவிடுகிறது. அதன்பின் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது பிசுபிசுக்காது. செத்த களிமண் மணல் துகளின் மேல் ஓடுபோலப் படிந்து, சுழற்சிக்குச் சுழற்சி ஒரு படலம் சேர்ந்து, துகளைப் பெரிதாக்கி நுண்துளைகள் கொண்ட உருண்டையாக மாற்றுகிறது. சாணத்தால் மெழுகிய தரை மேல் மறுபடி மறுபடி மெழுகியதுபோல என்று பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் சொல்வதுண்டு. இந்தப் படலம் ஓரளவு இருப்பது நல்லதும்கூட. சிலிக்கா 573 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பு மாறும்போது திடீரென விரிகிறது, பச்சை மணல் வார்ப்படத்தில் வருகிற பல பொருக்குகளுக்கும் வெடிப்புகளுக்கும் அந்த விரிவே காரணம். பழைய மணலின் மேலிருக்கும் படலம் அந்த விரிவுக்கு இடம் கொடுக்கிறது. அளவு மீறினால் தண்ணீரை அதிகம் குடித்து, ஊதுதுளைகளைக் கொண்டுவரும். ஆகவே “பழைய மணல் கெட்டது, புதுமணல் நல்லது” என்ற எண்ணம் பாதிதான் உண்மை. வெப்ப முறையில் சுத்தம் செய்த பழைய மணலில் செய்த கோர், புதுமணலில் செய்ததைவிட நரம்புபோல் ஓடும் கீற்றுக்குறைகளைக் குறைவாகக் காட்டுவதை வார்ப்படக்காரர்கள் அறிவார்கள்.

எல்.ஓ.ஐ. என்று நாங்கள் சொல்லும் எரிப்பு இழப்பு, கேட்க எளிமையானது. உலர்த்திய மணலை மூசையில் இட்டு 950 டிகிரிக்கு மேல் சுட்டு, எடை எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பது. ரெசின் மணலில் இது மிச்ச ரெசினை ஏறத்தாழ நேரடியாகக் காட்டும். பச்சை மணலில் நிலக்கரி, கோர் ரெசின், களிமண்ணின் நீர் மூன்றும் கலந்து வரும். இன்னொரு சங்கடமும் உண்டு: ஷாட் பிளாஸ்டிங் தூசி கலந்த மணலில் இரும்புத் துகள்கள் சூட்டில் ஆக்ஸிஜனை ஏற்று எடை கூடும். எரிந்து குறைந்த எடையை அது ஈடுகட்டிவிடுவதால், ரெசின் நிறைய உள்ள மணல்கூடச் சான்றிதழில் சுத்தமாகத் தெரியும். கலந்து கொட்டுவது மணலைக் கெடுப்பதோடு நில்லாமல் அதைப் பற்றிய எண்ணையும் பொய்யாக்குகிறது.

மீட்டெடுக்கும் முறைகளில் ரெசின் மணலுக்கு இயந்திர முறையே முதலில். கட்டியை உடைத்து, சலித்து, காந்தத்தில் இரும்பைப் பிரித்து, துகளோடு துகளை உரசவிட்டு மேலோட்டை உதிர்த்து, தூளை உறிஞ்சி எடுப்பது. ஃபியூரான் மணலில் பெரும்பகுதியை இப்படியே மறுபடி அச்சுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது ரெசின் மிஞ்சும். அதோடு கடினப்படுத்தியாகச் சேர்க்கும் பாரா டொலுயீன் சல்ஃபோனிக் அமிலத்தின் கந்தகமும் சேர்ந்துகொண்டே போகும். எஸ்.ஜி. இரும்பு, அதாவது மக்னீசியம் சேர்த்துக் கிராஃபைட்டை உருண்டையாக்கிய இரும்பு, ஊற்றுகிறவர்களுக்கு இது பெரிய தலைவலி: அச்சு மணலின் கந்தகம் வார்ப்படத்தின் மேற்பரப்பில் அந்த மக்னீசியத்தைத் தின்றுவிட, உருண்டையாக இருக்க வேண்டிய கிராஃபைட் அங்கே மட்டும் செதிலாகிவிடும். ரெசினில் நைட்ரஜன் இருந்தால் ஊசித்துளைகள். எக்ஸோதெர்மிக், அதாவது தானே எரிந்து சூடு தரும் ஸ்லீவ் உடைந்து கலந்தால் அதிலிருக்கும் ஃபுளூரைடு சேர்ந்து, எஸ்.ஜி. வார்ப்படத்தில் மீன்கண் என்று சொல்லும் குறை வரும். இதனால்தான் மீட்ட மணலுக்கு எல்.ஓ.ஐ. மட்டும் பார்த்தால் போதாது, கந்தகமும் நைட்ரஜனும் தனியே பார்க்க வேண்டும்.

வெப்ப முறையில் 650 முதல் 800 டிகிரி வரையிலான, மணலைக் காற்றில் மிதக்கவிட்டுச் சுடும் பாய்மப்படுகை உலையில் ரெசின் முழுவதும் எரிந்துவிடும். வெளியே வரும் மணல் புதுமணலின் நிறத்துக்கே திரும்பும். எரிபொருள் செலவுதான் தடை. இங்கேயும் எந்த மணல் என்ற கேள்வி திரும்ப வருகிறது. சோடியம் சிலிகேட் மணலை வெப்ப உலையில் போட்டால் ரெசின்போல் எரிய அதில் எதுவும் இல்லை. சோடியம் மணலோடு உருகி ஒட்டிக்கொள்ளும். பென்டோனைட் கலந்த பச்சை மணலைச் சுட்டால் களிமண் சாகுமே தவிர உதிராது, பிறகு உரசித்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த மணலிலும் காரத்தன்மை மிஞ்சும். அமிலத் தேவை என்ற சோதனையில் அது உடனே தெரிந்துவிடும். அந்த எண் உயர்ந்த மணலில் ஃபியூரான் கோர் செய்தால் அமிலக் கடினப்படுத்தியை மணலே குடித்துவிடும், கோர் இறுகாது. ஒரு பவுண்டரியில் பச்சை மணல், ஷெல் கோர், சிலிகேட் கோர் மூன்றும் ஒரே தொட்டியில் விழுந்தால், உலகில் எந்த மீட்பு இயந்திரமும் அதற்குப் பொருத்தமாக இருக்காது.

தூசி சேகரிப்பானின் பைத்தூளைப் பற்றி ஒரு வார்த்தை. மணல் சுழற்சியிலிருந்து உறிஞ்சப்படும் இந்தக் கருந்தூளில் உயிருள்ள பென்டோனைட்டும் எரியாத நிலக்கரியும் கணிசமாக இருக்கும். மெத்திலீன் புளூ போட்டுப் பார்த்தால் வியக்கும் அளவுக்குச் சாயம் குடிக்கும். அதை அளவோடு மில்லருக்கே திருப்பி அனுப்பினால் புது பென்டோனைட் செலவு குறையும். குஜராத்தின் கட்ச்சிலிருந்து லாரியில் வருகிற களிமண்ணைக் காசு கொடுத்து வாங்கி, பாதியைப் பையில் பிடித்துக் குப்பையில் கொட்டுகிறோம் என்பது எனக்கு இன்றும் எரிச்சல் தருகிற விஷயம். ஆனால் ஷாட் பிளாஸ்டிங் தூசியையும் அதே குழாயில் இணைத்திருந்தால் இதுவும் கைவிட்டுப் போயிற்று.

ஸ்லாக்கில் பெரிய சிக்கல் இல்லை. கோக் எரித்து இரும்பை உருக்கும் குப்போலா உலையின் ஸ்லாக் கண்ணாடித்தன்மை கொண்ட கால்சியம் சிலிகேட். உடைத்து, காந்தத்தில் இரும்பு மணிகளைப் பிரித்தெடுத்த பிறகு சாலைக்கு அடியிடவும், நன்கு அரைத்தால் சிமெண்டோடு சேர்க்கவும் உதவும். மின்சாரத்தில் உருக்கும் இண்டக்ஷன் உலையில் ஸ்லாக் குறைவாகவே வரும். அலுமினியப் பக்கம் நிலைமை வேறு. உருகிய அலுமினியத்தின் மேலிருந்து வழித்த டிராஸில் அலுமினியம் நைட்ரைடு இருக்கும்; மழையில் நனைந்தால் அமோனியா வாடை கிளம்பும். அதிலிருக்கும் உலோகத்துக்காக வாங்குகிறவர்கள் உண்டு என்பதால் நல்ல பகுதி போய்விடுகிறது, மிஞ்சிய தூளைத்தான் யாரும் சீண்டுவதில்லை. அதை ஈரம் படாமல் தனியே வைக்க வேண்டும்.

இனி வெளியே அனுப்பும் மணலைப் பற்றி. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின்படி ஒரு கழிவு அபாயகரமானதா என்று பார்க்கக் கசிவுச் சோதனை கேட்கிறார்கள். டி.சி.எல்.பி. என்ற அந்தச் சோதனை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வகுத்தது. மணலை அதன் எடையைப்போல் 20 மடங்கு அசிட்டிக் அமிலக் கரைசலில் போட்டு, நிமிடத்துக்கு 30 சுற்று வீதம் 18 மணி நேரம் தலைகீழாகச் சுழற்றி, வடிகட்டிய நீரில் உலோகங்களை அளப்பது. ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராம், காட்மியம் 1 மில்லிகிராம் என்பவை அதன் வரம்புகள். சாம்பல் இரும்பு, எஸ்.ஜி. இரும்பு, அலுமினியம் ஆகியவற்றை மட்டும் ஊற்றும் பவுண்டரியின் சிலிக்கா மணல் இதில் சாதாரணமாகத் தேறிவிடும். 2014-இல் அதே முகமை வெளியிட்ட ஆபத்து மதிப்பீடும், இரும்பு, எஃகு, அலுமினிய பவுண்டரிகளின் சிலிக்கா மணலைத் தோட்ட மண் கலவையிலும் சாலையின் கீழ்ப்படுகையிலும் பயன்படுத்தலாம் என்றுதான் முடிவுக்கு வந்தது. ஈயம் கலந்த பித்தளை, வெண்கலம் ஊற்றிய மணலை அது வெளிப்படையாக விலக்கி வைத்தது.

அந்த விலக்கைத்தான் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலருடைய ஆர்டருக்கும் ஊற்றிக் கொடுக்கும் நம் ஊர் ஜாப்பிங் பவுண்டரிகளில் ஒரு மூலையில் இரும்பும் இன்னொரு மூலையில் வால்வுக்கும் புஷ்ஷுக்கும் ஈயம் கலந்த வெண்கல வகையான கன்மெட்டலும் ஊற்றுவது சகஜம். ஈயம் உள்ள உலோகத்தைத் தொட்ட மணலை இரும்பு மணலோடு கொட்டினால் என்ன ஆகும்? சோதனையில் ஈயம் குறைவாகத் தெரியும். நீர்த்துப் போவது ஒரு காரணம் மட்டுமே. உலோக இரும்புத் துகள்கள் கரைசலில் வந்த ஈய அயனிகளைத் தம் மேல் உலோகமாகப் படியவைத்துவிடும், வடிநீரில் ஈயம் அகப்படாது. அமெரிக்காவில் சில பித்தளை பவுண்டரிகள் இதைத் தெரிந்தே இரும்புத் துருவலைக் கழிவு மணலில் கலந்து சோதனையில் தேறின. காலப்போக்கில் இரும்பு துருப்பிடித்து முடிந்ததும் ஈயம் மறுபடி கசியும் என்பதால், 1990-களின் இறுதியில் அந்த முகமை இதை அனுமதிக்கத் தகாத நீர்ப்பு என்று அறிவித்துத் தடுத்தது. அங்கே தந்திரமாகச் செய்தது இங்கே பின்சுவர் ஓரத்தில் தானாகவே நடக்கிறது. “தேறியது” என்ற சான்றிதழோடு வரும் கலப்பு மேட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடுவது இதனால்தான். மொத்த ஈயத்தையும் அமிலத்தில் முழுதாகக் கரைத்து அளந்து பாருங்கள் என்பேன்.

கசிவுச் சோதனையின் பட்டியலில் உலோகங்களே முன்னால் நிற்கின்றன, ஃபீனால் பின்னால் போய்விடுகிறது. சரியாக எரியாத கோர் மணலிலிருந்து ஃபீனால் தண்ணீரில் எளிதாக இறங்கும். குடிநீரில் அது லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டினாலே அதிகம் என்கிறது நம் தர நிர்ணயம். குளோரின் போட்ட தண்ணீரில் ஃபீனால் கலந்தால் வரும் மருந்து நெடியை நாக்கே கண்டுபிடித்துவிடும். பழைய கிணற்றை நிரப்பவும் காலி மனையை மேடாக்கவும் பவுண்டரி மணல் கேட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால், “கரி மண்ணுதானுங்களே” என்பார்கள். கிணற்றுக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான பதில், எந்தச் சான்றிதழ் இருந்தாலும்.

கட்டுமானத்துக்கு வருவோம். ஆற்று மணல் அரிதாகி எம்-சாண்டே நிலையாகிவிட்ட காலத்தில் பவுண்டரி மணல் மேல் எல்லோருக்கும் ஒரு கண் இருக்கிறது. பச்சை மணலை அப்படியே கான்கிரீட்டில் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. கட்டுமானத்துக்கான இயற்கை மணலில் 75 மைக்ரானுக்குக் குறைந்த தூள் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை சொல்கிறது, பச்சை மணலில் களிமண் மட்டுமே அதைத் தாண்டும். களிமண் தண்ணீரைக் குடிக்கும், நிலக்கரித் தூள் சிமெண்ட் பசையைத் துகளோடு ஒட்டவிடாது, வலிமை குறையும். துகளும் ஒரே அளவில் நுணுக்கமாக இருப்பதால் தனியாக நிற்காது. உரசிச் சுத்தம் செய்த மணலைப் பருமனான எம்-சாண்டோடு ஒரு பங்கு கலப்பது வேறு விஷயம். பேவர் பிளாக், ஃபிளை ஆஷ் செங்கல் ஆகியவற்றில் அது நன்றாகவே நிற்கும். சிமெண்ட் ஆலைக்குச் சிலிக்கா வேண்டும், சூளையின் 1,400 டிகிரிச் சூட்டில் ரெசினும் நிலக்கரியும் எரிந்துவிடும், களிமண்ணின் அலுமினாவும் அங்கே பயன்தான். பச்சை மணலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சிமெண்ட் ஆலைக்காரர் கேட்பது ஒரே தரத்தில், மாதா மாதம், குறிப்பிட்ட அளவு. ராம்மிங் மாஸ் கட்டியும் ஸ்லாக்கும் கோப்பையும் கலந்து வந்தால் முதல் லாரியோடு உறவு முடிந்துவிடும்.

அபாயகரம் என்று முத்திரை விழுந்த மணலுக்குப் போக்கிடம் கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற பாதுகாக்கப்பட்ட நிலநிரப்பு மையம். கும்மிடிப்பூண்டி கோவையிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். இரண்டு கூடை கன்மெட்டல் மணலைத் தனியே பிடிக்காததற்காக ஒரு லாரி இரும்பு மணலை அவ்வளவு தூரம் அனுப்ப நேர்ந்தால், அந்த வாடகையில் தனித் தொட்டி எத்தனையோ கட்டியிருக்கலாம்.

மீட்பு ஆலையைத் தனியாக வைத்துக்கொள்ளும் வசதி பெரிய பவுண்டரிகளுக்கே உண்டு. சிறியவர்கள் பலர் சேர்ந்து பொதுவில் ஒன்று வைக்கலாம் என்ற யோசனை கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால் இயந்திரத்தின் விலைப்பட்டியலைப் பேசுவதற்கு முன் வாசலில் யார் எதை அளப்பார்கள் என்பதை முடிவுசெய்ய வேண்டும். ஷெல் மணலுக்கு ஒரு நாள், ஃபியூரானுக்கு ஒரு நாள் என்று தொகுதி பிரிக்க வேண்டும், சிலிகேட் மணலை வாசலிலேயே திருப்பி அனுப்பும் துணிவு வேண்டும். வரும் லாரி ஒவ்வொன்றிலும் எல்.ஓ.ஐ., அமிலத் தேவை, காந்தத்தில் ஒட்டுவது எவ்வளவு என்று மூன்று எண்களையாவது அரை மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். மணலைக் கொடுத்தவருக்கு அவர் மணலே திரும்பக் கிடைக்காது, கலந்ததுதான் கிடைக்கும் என்பதால், திரும்பப் போகும் மணலின் சல்லடைப் பகிர்வுக்கும், அதாவது எந்த அளவுத் துகள் எவ்வளவு என்பதற்கும், எல்லோரும் ஒத்துக்கொண்ட வரம்பு ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும். துகளின் நுணுக்கத்தைக் காட்டும் எண் ஜி.எஃப்.என்.; ஒருவர் பயன்படுத்துவது ஜி.எஃப்.என். 50, இன்னொருவருடையது 65 என்றால் அந்த இருவரும் ஒரே தொகுதியில் சேர முடியாது.

அந்த ஆலையில் வேலை செய்யப்போகிறவர்களையும் இதே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். உரசி மீட்கும் முறை, படலத்தோடு சேர்த்துச் சிலிக்காவையும் நொறுக்குகிறது. நுரையீரலுக்குள் போகும் அளவிலான படிகச் சிலிக்காத் தூளை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. சிலிகோசிஸ் அதற்கு முன்பே பவுண்டரிக்காரர்கள் அறிந்த நோய். மீட்பு ஆலையின் தூசி பச்சை மணல் தூசியைவிடக் காய்ந்தது, நுணுக்கமானது, ஈரமோ களிமண்ணோ அதைப் பிடித்து வைக்காது. உறிஞ்சும் குழாய்க்கும் பைக்கும் ஆகும் செலவை மிச்சம் பிடித்துக் காட்டுகிற திட்ட அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். மீட்ட மணலின் விலை புதுமணலைவிடக் குறைவாக வருவது அந்த இடத்தில்தான் என்றால், அந்தக் கணக்கை மறுபடி போடச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன்.